பிரிக்காத பெட்டி

“உள்ள செங்கல் இருந்தா என்ன செய்விய?”

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த பெண் கணவரிடம் இப்படிக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன். கணவர் மடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஏதோ விண்வெளி சினிமாவுக்காக அந்தக் காலத்தில் விற்ற பொம்மை வண்டி என்று மேலிருந்த படமே சொன்னது. ஒட்டிய டேப் பிரிக்கப்படவில்லை.

“செங்கலா? ஏட்டி, பிரிக்காத பெட்டிக்கு எத்தன வருசமா அலைஞ்சேன்! பிரிச்சா மதிப்புப் போயிரும்.”

“விக்கவா போறிய?”

“சாகுற வரைக்கும் விக்க மாட்டேன்.”

“அப்ப மதிப்பு யாருக்கு? வீட்டு அலமாரியில இருக்கதும் எல்லாம் மூடியேதான் கிடக்கு. ஒண்ணையாவது தொட்டுப் பாத்திருக்கியளா?”

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே பருத்திக் காடுகள் நகர்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நகத்தால் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

“இங்கன பாரு, கதவு திறக்குது! உள்ள வண்டி ஓட்டுறவன் கூட இருக்கான்!”

அவர் போட்ட சத்தத்தில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார். மனைவி வண்டியை வாங்கித் தன் மடியில் மெல்ல உருட்டினார்.

“மத்ததையும் இன்னைக்கே பிரிச்சிருவமா?”

“அவசரப்படாத. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. அடுத்தத நீ பிரி.”