வெளிப்பூட்டு

எங்கள் தெருவில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மதுரைக்குப் போய்வரலாம். திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே கிடக்கும். திருத்தங்கலில் வேறு எந்தத் தெருக்காரருக்கும் இப்படிச் சொல்ல வாய் வராது. நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர், ஐயா. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பு அப்படி இல்லை. ஒரு மார்கழிக் காலையில் என் மனைவி முத்துமாரி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்த இருவர் சங்கிலியை இழுத்த இழுப்பில் அவளும் தரையோடு கொஞ்ச தூரம் போனாள். கழுத்துக் காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. இங்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வரும்வரை எங்கள் வாசலில் கோலம் போட்டது நான்தான்.

அன்றைக்கு வந்த கோபம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அச்சகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு தெருநலச் சங்கம் ஆரம்பித்தேன், நானே செயலாளர். காமிரா வைத்தோம். அடுத்த தெருவில் பின்வாசல் வழியாகத் திருடன் புகுந்தான் என்று கேள்விப்பட்டதும், எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பின்வாசலையும் அடைத்துச் சுவர் எழுப்ப வைத்தேன். ஜன்னல்களுக்கெல்லாம் கனமான கம்பி. முதலில் முனகினார்கள், பிறகு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பொன்னுத்தங்கம் கடைசி வீட்டுக்கு வாடகைக்கு வந்தது அதன் பிறகுதான். மகன் திருப்பூரில். மருமகள் ரோஷினியும் பள்ளிக்கூடம் போகிற பேத்தி பிரீத்திகாவும் கூட இருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை என்றார்கள். வேலை கம்பெனியில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது. வெடிகளை மூட்டையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். மாமியாரும் மருமகளும் சரமாகப் பின்னிக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்து அதைச் செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் அது நடக்காத தெரு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு ஆள் வருகிறது என்றால் இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்களை உள்ளே வைத்து, தெரிந்தவர் யாராவது வெளியே பூட்டிவிடுவார். வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம்பிக்கையான ஆளிடம்தான் சாவியைக் கொடுப்பார்கள். பொன்னுத்தங்கம் என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க இருக்கையில எங்களுக்கு என்ன பயம், அண்ணாச்சி," என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் வழக்கு வரும், வழக்கில் எங்கள் தெருவின் பெயர் வரும்.

இந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது, குற்றமில்லாத தெரு என்று எங்களுக்குக் கேடயம் தருவதாகச் சொன்னார்கள். விருதுநகரிலிருந்து பெரிய போலீஸ் அதிகாரி வருகிறார். தெருமுனையில் பந்தல் போட்டு மைக் கட்டினோம். சரம் கொளுத்தலாம் என்று இளவட்டங்கள் குதித்தார்கள். நெருக்கமான தெரு, வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் யார் சொல்லையும் கேட்பதில்லை.

அன்று காலையில் பொன்னுத்தங்கம் ஓடிவந்தாள்.

"போலீசு வருதாம்ல, அண்ணாச்சி. சாயங்காலம் லோடு எடுக்க வர்றாக, பின்னி முடிக்காம விட முடியாது. வெளிய பூட்டிட்டுப் போயிருங்க."

"இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருக்கக் கூடாதாம்மா?"

"சீசன்ல எங்கிட்டு சும்மா இருக்க?"

பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் காமிராவில் பார்த்தது அதைத்தான். அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று என் மைத்துனன் சொன்னான். அது தப்பு என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது சரம் வெடித்தது. பட்டாசு ஊர், விழாவென்றால் வெடிக்காமலா இருக்கும்? கூட்டம் கைதட்டியது. என் தடையை மீறி யாரோ கொளுத்திவிட்டான் என்று இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அதிகாரி என் பக்கம் சாய்ந்து, "அமர்க்களப்படுத்துறீங்களே," என்றார். அந்தச் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நானும் சிரித்தேன். சாவி பொன்னாடைக்கு அடியில் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால், கேடயம் வாங்க நின்ற செயலாளரே சாவியை எடுத்து வெடி பின்னுகிற வீட்டைத் திறப்பதை ஊரே பார்த்திருக்கும். எனக்கு அவமானத்தைத் தாங்கிப் பழக்கமில்லை.

புகையைக் கண்டதும் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடப்பாரையோடு வந்தவர் என்னிடம்தான் கேட்டார்.

"உள்ள யாரும் இருக்காகளா?"

"ஒருத்தருமில்ல. புதுப்பட்டிக்குப் போயிருக்காக. பூட்டுத் தொங்குதுல்ல."

எங்கள் தெருவில் என் சொல்லைச் சந்தேகப்பட ஆளில்லை. அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் தண்ணீர் அடித்தார்கள். பரவவில்லை. சரம் வெடிக்கும்போது, உள்ளிருந்து கதவைத் தட்டுகிற சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டது.

கூரை இடிந்து விழுந்திருந்ததால் அன்று யாரும் உள்ளே போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சாயங்காலம் பிரீத்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"தாத்தா, சாவி குடுங்க. அம்மா உள்ள இருக்கும்."

அப்போதுதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை நான் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

முத்துமாரி இங்கே என்னைப் பார்க்க வரவில்லை. வெளியே வரப் பயம், பாவம்.

பூட்டியது நான். திறக்காமல் நின்றதும் நான். மாமியாரும் மருமகளும் உள்ளே உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தே, யாரும் இல்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். கேடயத்தைத் திருப்பி வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது மட்டும் நியாயமில்லை, ஐயா. முத்துமாரியின் சங்கிலி போனதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் தெருவில் ஒரு குற்றமும் நடந்ததில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.