குண்டு டிவி

சனிக்கிழமை மதியம். சிங்கப்பூரில், சுவா சூ காங் போகும் எல்ஆர்டி ரயிலில் என் எதிரே, ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். நடுவே தள்ளுவண்டியில், பின்புறம் புடைத்த பழைய குண்டு டிவி ஒன்று.

"செத்துப்போனதுக்கு லைட் எரியுமா அண்ணே?" என்றார் தங்கை.

அப்போதுதான் நான் காது கொடுத்தேன்.

"லைட் எரிஞ்சு என்ன, படம் வரலையே. நம்ம சின்ன வயசு வீடியோ கேம் செட்டு, தூக்கிப்போடுன்னேன். நீ அதுக்கு டிவியும் வாங்கிட்டு வர்ற."

"கேசட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். வயரை மாத்தினேன். அப்பவும் வரல. இன்னிக்கு லிட்டில் இந்தியா கடையில இந்த டிவியில மாட்டினதும் வந்துச்சே, நீங்களும்தானே பார்த்தீங்க? என் வீட்டுப் புது டிவிதான் அதை எடுத்துக்கல. செட்டு நல்லாத்தான் இருக்கு."

"சரி, ரூம்ல வை. ஹால்ல வச்சா வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்லா. ஹால்லதான் வைப்பேன். சின்ன வயசுல, பொம்பளப்பிள்ள தொட்டா கெட்டுப்போகும்னு ஒருநாள்கூட நீங்க என்னை அதுல விளையாட விடல. போன வாரம் படம் வரலன்னதும், நீ என்ன செஞ்சேன்னுதான் முதல்ல கேட்டீங்க."

இறங்கும் நிலையம் வந்ததும் அண்ணன் வண்டியின் பிடியில் கை வைத்தார்.

"நான் வந்து கனெக்‌ஷன் குடுக்கவா?"

"வேணாம், எனக்குத் தெரியும்." தங்கை பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விளையாடணும்னா வாங்க. நான் ஆடி முடிச்சதும் தர்றேன்."