விரல் சூடாகத்தான் இருந்தது

தானா ராத்தா மலையூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருவர். ஒருவர் நிலப் பத்திரங்களுக்குச் சாட்சியாக முத்திரை குத்துபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் அவர் மனைவியின் தம்பி.

"விரல் சூடாத்தான் இருந்துச்சு மச்சான்," என்றார் முத்திரைக்காரர்.

"யாரு விரலு மாமா?"

"கோலா தெர்லாவுல அந்தத் தோட்டக்காரப் பெரியவரு. போன வாரம் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தூங்குறாருன்னான் மகன். நிலத்தை அவன் பேருக்கு மாத்தணும்லா. நாந்தான் விரலைப் பிடிச்சு மையில அழுத்துனேன்."

"அன்னிக்கு விடியக்காலையிலயே அவரு போயிட்டாருன்னு பேசிக்கிறாங்களே?"

"செத்தவன் விரல் சூடா இருக்குமா? அதை வச்சுத்தான் சாப்பு முத்திரை குத்துனேன்."

தம்பி அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க கையே ஜில்லுன்னு இருக்கு மாமா."

"இந்தக் குளிருல எல்லாருக்கும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு அவரே தன் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவெல்லாம் பனிமூட்டம்.

"கட்டில் பக்கத்துல ஒரு பேசின் சட்டியில சுடுதண்ணி ஆவி பறந்துக்கிட்டு இருந்துச்சு மச்சான். உடம்பு துடைக்கன்னு சொன்னான். துண்டைத்தான் எங்கயும் காணோம்."