ஒரு கட்டுப் புல்லு

– இன்னா பாயம்மா சொல்ற? நேத்து சாயங்காலம் நான் புல்லு சுமந்துக்கினு போறப்பகூட உன் கன்னு வாலத் தூக்கிக்கினு துள்ளிக்கினு இருந்திச்சே. அதுக்குள்ள எப்டி சாவும்?

– செத்துடுச்சு காத்தாயி. கழிச்சல் கண்டுச்சு, விடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

– அல்லா அறியச் சொல்லு.

– இதுக்கெல்லாம் எதுக்கு அல்லாவ இழுக்கற? அவருக்கு ஆயிரம் வேல இருக்குது.

– உப்பு கொறைஞ்சாலே நீ அவரக் கூப்புடுவியேன்னு சொன்னேன். சரி, எங்க பொதைச்சீங்க?

– செட்டிகொளத்துக்கு அந்தாண்ட. அத வுடு. உன் கன்னையும் தூக்கிக்கினு வான்னு சொல்லியனுப்பினேனே, எங்க?

– வாசல்ல படுத்திருக்குது பாரு. ஓட்டியாற முடியல, தோள்ல போட்டுக்கினு வந்தேன். நேத்திலேர்ந்து கால ஊனி நிக்க மாட்டேங்குது பாயம்மா. ரேஷன்ல போட்ட மைலோ சோளத்த கஞ்சி காச்சி, துணில நனைச்சி வாயில வெச்சேன். அதயும் கழிஞ்சிடுச்சு.

– தாயி செத்து எத்தினி நாளு?

– இன்னியோட நாலு. கன்னப் போட்ட மூணாம் நாளே கண்ண மூடிச்சு மவராசி. சீம்பாலு குடிச்சதோட சரி, இந்தப் பாவிக்கு வேற ஒன்னும் வாய்க்கல.

– ரங்கநாதன் வூட்டு மாடு தான அது?

– அவங்க மாடுதான். வாரத்துக்கு ஓட்டியாந்து மூணு வருசம் வளத்தேன். மொதக் கன்னு அவங்களுக்கு, ரெண்டாவது எனக்குன்னு பேச்சு. இதுதான் ரெண்டாவது. பொட்டக்கன்னு, நெத்தில வெள்ளச் சுட்டி, பேரும் சுட்டிதான். எங்க வம்சத்துல யாருக்கும் சொந்தமா ஒரு மாடு இருந்ததில்ல பாயம்மா. அடுத்தவன் மாட்டுக்குப் புல்லறுத்தே கை காச்சுப் போன வம்சம். இது பொழச்சி நின்னா, எங்க தெருவுல எங்க வூட்டு மொளக்குச்சிலதான் மொத மாடு.

– அப்ப கேளு. என் மயிலயப் பாரு, மடி கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. கிட்டப் போனா ஒதைக்குது. கன்னு வாய் வெக்காம ஒரு சொட்டு எறக்க மாட்டேங்குது. இப்டியே வுட்டா மடிநோவு வந்துடும்.

– செத்த கன்னுத் தோல உரிச்சி, வைக்கோல அடைச்சி முன்னால நிறுத்தறது தான?

– சீ, எனக்கு மனசு வரல. உங்கிட்ட தாயில்லாத கன்னு இருக்குது. எங்கிட்ட கன்னில்லாத மாடு இருக்குது. தெனம் ரெண்டு வேள சுட்டிய இங்க கொண்டாந்து வுடு. நீதான் எனக்கு இந்த ஒத்தாசை பண்ணணும்.

– முந்தாநேத்து ‘சொம்பு எடுத்துக்கினு வா, சும்மா பால் தரேன்’ன்னு கூப்ட்டதும் இதே வாயிதான?

– நீதான் மொகத்தத் திருப்பிக்கினு போயிட்டியே.

– ஓசில வாங்கிப் பழக்கமில்ல. இன்னிக்கி ஒரு சொம்பு வாங்குவேன், நாளிக்கி உன் வாசல்ல குனிஞ்சி நிப்பேன். அது வேணாம்.

– நான் ஓசி குடுக்கலயே தாயி. என் மாட்டக் காப்பாத்துன்னு உன்னக் கேக்கறேன்.

– காப்பாத்தறேன். ஆனா சும்மா இல்ல. கன்னு குடிக்கிற பாலுக்கு, நம்மூரு கிருஷ்ணகிரி மல அடிவாரத்துலேர்ந்து தெனம் ஒரு கட்டுப் புல்லு கொண்டாந்து போடுவேன்.

– அதெல்லாம் எதுக்கு?

– வேணாம்னா சொல்லு, தோள்ல போட்டுக்கினு கெளம்பறேன்.

– யம்மா, ஒரு கட்டு! கொண்டா! உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆவாது.

– மெஹரு, ஏ மெஹரு! அடுப்பங்கரைல கால் வெக்க எடமில்ல, நான் எப்டி டீ போட்டுக்கறது? இந்தக் கன்… அட, காத்தாயியா! எப்ப வந்த?

– வாங்க பாய். இன்னா சொல்ல வந்தீங்க?

– ஒன்னுமில்ல. கன… கனமா ஒரு அண்டா. ஈயம் பூச வந்துது.

– இன்னாங்க, கன்னு செத்த துக்கத்துல இருக்கறோம். டீ டீன்னு கத்தறீங்க.

– ஆங்… ஆமா, துக்கம். மறந்தே போயிட்டேன். அதாவது, மறக்கணும்னு நெனைச்சேன்.

– எங்க பொதைச்சீங்க பாய்?

– மேல்மலையனூர் ரோட்டாண்ட.

– பாயம்மா செட்டிகொளம்னுச்சே?

– அதான்… மொதல்ல ரோட்டாண்ட தோண்டினேன். ஒரே பாறை. செஞ்சில எங்க தோண்டினாலும் பாறைதான, உனக்குத் தெரியாதா? அப்றம் கொளத்துக்குப் போனேன்.

– ரெண்டு குழி தோண்டின கையா இது? காட்டுங்க. ஈயக்கரிதான் இருக்குது, ஒரு கொப்புளத்தக் காணோம்.

– அவரு கையி அப்பிடித்தான், மரத்துப் போன கையி. காத்தாயி, நீ கன்னத் தூக்கு. நீங்க வந்து மாட்டுக் கொம்பப் புடிங்க.

– நானா? மெஹரு, அது என்னப் பாத்தாலே சீறுது.

– இருவது வருசமா நானும் சீறிக்கினுதான் இருக்கறேன். எங்கூட குடும்பம் நடத்தலியா? புடிங்க.

– இரு பாயம்மா, மடிகிட்ட வுட்டுடாத. மொதல்ல தலமாட்டுல நிறுத்து. மோந்து பாக்கட்டும்.

– அய்யோ, முட்டுது!

– முட்டும். பெறத்தியாம் புள்ளன்னு வாசன சொல்லுதில்ல. பாய், கொம்ப வுட்டுடாதீங்க. பாயம்மா, கொஞ்சம் தவிட்டுல வெல்லத்த நுணுக்கிப் போட்டு எடுத்தா. நான் அதுக்குள்ள மடிலேர்ந்து ரெண்டு பீச்சு பீச்சிக்கறேன்… தோ… ஹோ, ஹோ, நில்லுடி மயிலு, நில்லு ராசாத்தி… பீச்சிட்டேன். இத சுட்டி முதுவுல தடவறேன். அதோட பாலு வாசனையே அதுக்கு வரணும்.

– தவிடு இந்தா. ஏன் காத்தாயி, இது ஏன் திரும்பித் திரும்பி அடுப்பங்கர பக்கமே பாக்குது?

– நீதான் சொல்லணும். உன் மாடு.

– அது… அங்கதான் நான் தெனம் கழனித்தண்ணி வெப்பேன்.

– ஓ. கழனித்தண்ணி. இருக்கும், இருக்கும். தவிட்டயும் சுட்டி முதுவுல தடவறேன். பாய், நீங்க கொம்ப வுடாம இப்டி அடுப்பங்கரைய மறைச்சி நில்லுங்க. அதுக்குக் கண்ணு இங்க திரும்பட்டும்.

– நாக்க நீட்டுது பாரு மெஹரு! நக்குது!

– வெல்லத்துக்கு நக்குது பாய். இன்னும் கன்னுக்கு நக்கல. பொறுங்க… வெல்லம் தீந்துடுச்சு… இன்னும் நக்குதா?

– நக்குது. காத நக்குது. அங்க நீ வெல்லம் தடவல காத்தாயி!

– தடவல. இப்பதான் தாயாச்சி. நீங்க கொம்ப வுடுங்க. சுட்டி, வாம்மா, எந்திரி. கால ஊனு. நான் புடிச்சிக்கறேன், உம், எந்திரி. காம்பு இங்க இருக்குது. வாயத் தெற… இந்தா…

– யா அல்லா! குடிக்குது! வாய் ஓரத்துல நொர வருது பாருங்க! வாலு ஆடுது! யா அல்லா!

– காலைலேர்ந்து இப்பதான் நீயா அல்லாவக் கூப்புடற பாயம்மா.

– நீயும்தான் காலைலேர்ந்து இப்ப சிரிக்கிற. கண்ணத் தொடை.

– ரெண்டு காம்போட போதும். வெறும் வயிறு, ஒரேடியா குடிச்சா தாங்காது. தோ பாரு, படுக்கல. நிக்கிது… பாயம்மா, ஒன்னு கேக்கட்டுமா?

– கேளு.

– இந்த செஞ்சில யார் வூட்ல மாடு கன்னு செத்தாலும், தூக்கறதுக்கு எங்க சொல்லியனுப்புவாங்க?

– உங்க தெருவுக்கு…

– எங்க தெருவுல மொதல்ல எந்த வூட்டுக் கதவத் தட்டுவாங்க?

– உங்க வூட்டுக்காரரு… பாவாடை அண்ணன்…

– அந்த மனுசன் காலைலேர்ந்து வேப்பமரத்தடிலதான் குந்திக்கினு இருக்குது. ஒரு ஆளும் வரல. நீ சொல்லியனுப்பின சேதிதான் வந்துது, கன்னத் தூக்கிக்கினு வான்னு.

– மெஹரு, நான் டீ போடப் போறேன்.

– நீங்க நகராதீங்க! நான் ஒருத்தியே மாட்டிக்கணுமா? காத்தாயி… சும்மா குடுத்தா நீ வாங்க மாட்ட. சுட்டி ஒவ்வொரு நாளா வாடறத என்னால பாக்க முடியல. எனக்கு வேற வழி தெரியல. என்னத் திட்டிக்கோ, நாலு வார்த்த கேட்டுக்கோ. அதத் தூக்கிக்கினு மட்டும் போயிடாத. எங்க எந்திரிக்கிற? காத்தாயி!

– ரெண்டு கன்னு குடிக்கிற மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லு எப்டி பத்தும்? நாளைலேர்ந்து ரெண்டு கட்டு கொண்டாறேன். நீ போயி அடுப்பங்கரைல கட்டி வெச்சிருக்கியே உன் கன்னு, அத அவுத்துக்கினு வா பாயம்மா. அதுக்கும் பசிக்கும், மிச்சம் ரெண்டு காம்பு அதுக்குத்தான் வெச்சிருக்கேன்.