ஆறு பத்துக்கு ஒரு கோடு

உங்கள் சீருடைச் சட்டையில் இடது தோள் அரை அங்குலம் இறங்கி நிற்கிறது, மேடம். யார் தைத்தது என்று கேட்கமாட்டேன், தொழில் மரியாதை. பிரித்து ஏற்றித் தைத்தால் இன்னும் மிடுக்காக இருக்கும்.

முப்பத்தோரு வருடமாக வீட்டிலேயே எனக்குத் தையல் வேலை. எங்கள் தெருவில் யாருக்கு எந்த மாதம் இடுப்பு பெருத்தது, எந்த வீட்டு ஐயா பேன்ட் பையில் யாரோடு பார்த்த சினிமா டிக்கெட்டை மறந்து கொடுத்தனுப்பினார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தேடிப்போய்த் தெரிந்துகொள்வதில்லை, தானாக மடியில் வந்து விழுகிறது. அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டு விஷயம் மட்டும் தெரியாமல் போகுமா?

என் வீட்டுக்காரர் அமெச்சூர் ரேடியோ ஆள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பொழுதுபோக்காக ரேடியோவில் உலகத்தையே விசாரிக்கிற கூட்டம். ரிட்டையர் ஆனபின் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தார். நைட் பல்புக்குப் போதாத மின்சாரத்தில் அது பாட்டுக்கு ஒரு சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை உலகத்தில் எந்த ரேடியோ பிடித்தாலும் ஒரு வெப்சைட்டில் உடனே தெரியும். வரைபடத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் எத்தனை மணி, எவ்வளவு பலம் என்ற விவரம். இவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் ஃபோனிலும் அந்தப் பக்கத்தை அவரே போட்டுக்கொடுத்தார். அது அவர் செய்த தவறு.

தெருவைப் பார்ப்பதுபோல அதையும் பார்த்தேன். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். ஒன்று மட்டும் தவறவே இல்லை. பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் ஒரு தீவு. பொழுது சாயும்போதுதான் அவ்வளவு தூரம் எட்டுமாம். ஆறு பத்து வாக்கில் அங்கே ஒரு கோடு. ஞாயிறு, காய்ச்சல் என்ற விடுப்பெல்லாம் கிடையாது. இப்படி இரண்டு வருடம். ஆறு பத்து என்பது நாங்கள் இருவரும் டீ குடிக்கிற நேரம், மேடம். இவரோ முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். டீ ஆடை கட்டும்.

"யாருங்க அந்தத் தீவுல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாள் தவறாம நம்மளக் கேக்குற ஒரே இடம்" என்றார். "அது எப்படின்னா..." என்று ஆரம்பித்தார். இழுத்து இழுத்துச் சொல்கிற மனிதர். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, வந்துவிட்டேன். அன்றே அவளுக்குத் தீவுக்காரி என்று பெயர் வைத்தேன்.

அவருடைய ரேடியோ சிநேகிதர் ஒரு மீசைக்காரர், வந்தால் இரண்டு டீ குடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்த ஃபீல்டுல பொறாமை பிடிச்சவன் என்ன பண்ணுவான் தெரியுமா, தங்கச்சி? அடுத்தவன் ஆன்டெனா கேபிள்ல ஒரு குண்டூசியக் குத்தி, ஊசியோட தலைய நறுக்கிட்டுப் போயிடுவான். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்குற ரெண்டு கம்பியும் ஒட்டி, சிக்னல் செத்துரும். அவன் மாசக்கணக்கா மேலயும் கீழயும் அலைவான்."

"ஐயோ பாவம்ணே" என்றேன். என் பெட்டியில் குண்டூசிக்கு என்ன பஞ்சம்?

திங்கட்கிழமை குத்தினேன், ஜன்னலுக்கு வெளியே, கை எட்டுகிற உயரத்தில். எல்லாக் கோடுகளும் போயின.

அந்த வாரம் அவர் டீயைச் சூடாகக் குடித்தார். நானும் வாயாரப் பேசினேன். எதிர்வீட்டு மருமகள் வேலையை விட்டது, பல் டாக்டர் நாய் வாங்கியது என்று ஒன்றையும் விடவில்லை. வியாழக்கிழமை கேட்டேன், "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க."

"நாய்."

"நாய்க்கு என்ன?"

டம்ளரைக் கீழே வைத்தார். "தீவுல நம்மளக் கேக்கவே இல்ல. நாலு நாளாச்சு" என்றார். "இந்த வீட்டுல நான் வாயத் திறந்தா யார் கேக்குறா? அது ஒண்ணாவது கேட்டுட்டு இருந்துச்சு."

கண் கலங்கியிருந்தது. என் அம்மா போனபோதுகூடக் கலங்காத கண், மேடம். அதற்குமேல் எனக்குக் கோபமே வரவில்லை. மனசு தெளிந்துவிட்டது.

கோளாறு உச்சியில்தான் என்று அவரே முடிவு செய்தார். ஆன்டெனா நிற்பது மொட்டைமாடியில், முப்பதடிக் கம்பத்தில். ஏறும்போது கம்பத்தோடு சேர்த்து இடுப்பில் மாட்டுகிற பெல்ட்டை என் மெஷின்மேல் போட்டார்.

"வார் நைஞ்சிருக்கு, அழுத்தமா அடிச்சுக் குடு. நீ தச்சா யானையே தொங்கலாம்."

இத்தனை வருடத்தில் என் தையலை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அந்த வாருக்கு நைலான் நூலில் நான்கு வரிசை அடிக்கவேண்டும். நான் பழைய தையலைச் சுத்தமாகப் பிரித்தேன். போட்டுப் பார்ப்பதற்காக மட்டும் துணியில் ஓட்டுவோமே, பிறகு ஒரே இழுப்பில் உருவிவிடுகிற ஓட்டுத்தையல், அதைப் போட்டேன். கறுப்பு வார், கறுப்பு நூல். பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. நீங்கள் நூலைப் பிரித்துப் பார்த்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஏறினார். என்னைக் கீழே ஃபோனோடு நிறுத்தினார்.

"விழுந்துச்சா பாரு."

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்ல. இன்னும் மேல போய்ப் பாருங்க."

நான் பொய் சொல்லவில்லை. கோடு விழவில்லை. உச்சியில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, கேபிள் முனையைத் தொடுவதற்காகப் பெல்ட்டில் சாய்ந்தார். "இரு, இப்பக் கேக்கும் பாரு" என்றார். என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

குண்டூசியை இடுக்கியால் பிடுங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஃபோனில் கோடு வந்துவிட்டது. அந்த நிலையிலும் அவள் விடவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை நிறுத்தினேன்.

துக்கம் கேட்க வந்த மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அது ஆளே இல்லாத தீவு, தங்கச்சி. ஆராய்ச்சிக்காரங்க வச்சுட்டுப் போன பெட்டி, வெயில்ல ஓடுது. யாரோட சிக்னல் வந்தாலும் அதுவா எழுதிப் போடும். அவரு உன்கிட்ட சொல்லலையா?"

நல்ல மனிதர். சிநேகிதன் செத்த பிறகும் அவனை விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று ஆறு பத்துக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. தீவிலிருந்து கோடு இப்போது வேறு எவன் வீட்டுக்கோ போகிறது. இப்போதாவது புரிகிறதா, மேடம், அவள் எப்படிப்பட்டவள் என்று?