துரையோட ஆத்தாளுக்கு அழுத பேராச்சி

வெள்ளக்காரன் ஆண்ட காலம்லா அது. நம்ம நத்தக்குளத்துல பேராச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ மாரடிச்சு ஒப்பாரி வச்சா கல்லும் கரையும்னு சொல்லுதாவ. புருசன் கொழும்புக்குப் பொழைக்கப் போனவன். இருக்கானா இல்லையான்னு சாமிக்குத்தான் வெளிச்சம்.

அப்ப ஒரு துரை பாட்டுப் பிடிக்கிற பெட்டியோட வந்தாராம். நடவுப் பாட்டப் பிடிச்சாரு, கும்மியப் பிடிச்சாரு. ஒப்பாரியும் வேணும்னுட்டாரு. மணியக்காரருக்குத் தலகால் புரியல. பேராச்சிய துரை தங்குன பங்களாவுக்குக் கூட்டியாந்து, கதவ உள்பக்கமாப் பூட்டி, சாவிய மடியில சொருகிக்கிட்டாரு.

"பாடுட்டி. பாடாம வெளிய போவ முடியாது."

சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கலாமா? வச்சா சொந்த வீட்டுல ஒரு உசுரு போயிருமே! பேராச்சிக்குன்னு இருக்கிற உசுரு அந்தக் கொழும்புக்காரன் ஒருத்தன்தான். பாடுனா அவன் போயிருவான், பாடலன்னா கதவு தொறக்காது. பாவி மக என்ன செய்வா? சன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னாளாம், நின்னாளாம், வெயில் சாயிற மட்டும் நின்னாளாம்.

கடைசில கேட்டா: "அய்யா, செத்தது யாரு? நான் அவுகளுக்கு என்ன முறை? அது தெரியாம எப்படி அழுவேன்?"

"எவளும் சாவலட்டி! சும்மா பாடு!"

"சும்மா அழ இது என்ன கூத்தா?"

துரை என்னன்னு கேட்டாராம். மணியக்காரரு எடுத்துச் சொன்னாரு. துரைக்கு மொகம் செத்துப்போச்சு. அவரு ஆத்தா சீமையில செத்து, பொதச்ச பெறகுதான் கடுதாசி வந்துதாம். அழவே இல்லியாம் மனுசன். "மார்த்தா"ன்னு பேரச் சொல்லிட்டு, பெட்டிய நிறுத்திட்டு, தரையில உக்காந்துட்டாரு.

"அப்ப எனக்குச் சின்னாத்தா முறை"ன்னுட்டுப் பேராச்சி மாருல அடிச்சா.

"சீமைக் கரையோரம் சின்னாத்தா நீ கெடக்க
சேதி வருமுன்னே சேத்தாகளோ மண்ணுக்குள்ள..."

கடல்னு வாயில வந்தப்பல்லாம் நாக்கக் கடிச்சிக்கிட்டாளாம், புருசன் நெனப்பு உள்ள வந்துரக் கூடாதுன்னு. துரை ஏங்கி ஏங்கி அழுதாராம். பெறகு அவரே சாவிய வாங்கிக் கதவத் தொறந்து விட்டாரு.

வெளிய வந்தா. வந்து என்ன? கொழும்புக்காரன் வரவும் இல்ல, செத்தான்னு சேதியும் இல்ல. கட்டையில போற மட்டும் தாலியோடதான் இருந்தா. அவனுக்குன்னு ஒரு சொல்லு அழ முடியலியே அவளால!

அதுலருந்துதான் நம்ம ஊருப் பொம்பளைக, பாட்டுப் பிடிக்க யாரு வந்தாலும், "ஒங்க வீட்டுல போனது யாரு? பேரச் சொல்லுங்க"ன்னு கேக்கது. போன மாசம் காலேஜுப் பிள்ள ஒருத்தி செல்லோட வந்தா. கேட்டோம். செல்லத் தூக்கிப் பையில போட்டுட்டு, அவ அண்ணன் பேரச் சொன்னா.

அழுதோம்.