கேட்காமல் அழிக்கும் ஆணை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து அடியில் செருகினால் ஆடாது. போவதற்குள் நானே செய்துவிடுகிறேன். மருத்துவமனையில் இப்படிச் சில்லறை ரிப்பேர் பார்த்தே காலம் ஓடிவிட்டது, சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

எனக்குக் கணினி அறையில் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணை தட்டினால் கணினி அதைச் செய்யும். ஸ்கேன் படங்கள் மலைபோலக் குவியும், சனிக்கிழமைதோறும் பழையதைக் கழிப்பேன். அதற்கு எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழி என்று ஒரே ஆணை கொடுத்துவிடுவேன். அது ஒவ்வொரு ஃபோல்டராகப் பெயர் சொல்லி, 'இதை அழிக்கட்டுமா?' என்று கேட்கும். வேண்டாததற்கு ஆமாம், வேண்டியதற்கு இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லைதான். ஆனால் கை பழகிவிட்டால் பயறில் கல் பொறுக்குவது மாதிரி வேலை ஓடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஃபோல்டர் என்னுடையது. என் மனைவி இறந்தபிறகு, அவள் அனுப்பியிருந்த குரல் பதிவுகளை அவள் பெயரிலேயே அதில் போட்டு வைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் பேசியிருக்க மாட்டாள். "சாவிய மறந்துட்டுப் போயிட்டீங்க, எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன். குடையாவது எடுத்தீங்களா, அதுவும் இல்லையா?" இப்படித்தான். நான் அதைப் போட்டுக் கேட்டதுகூட அபூர்வம். சனிக்கிழமை கணினி அவள் பெயரைச் சொல்லி அழிக்கட்டுமா என்று கேட்கும். இல்லை என்பேன். அந்த ஒரு இல்லைக்காகத்தான் வாரம் முழுக்க வேலைக்குப் போனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த ஆணைகளை எழுதிப் பராமரிப்பவர் எங்கள் பொறியாளர். லிஃப்ட் வரும்வரை பொத்தானை விடாமல் குத்திக்கொண்டிருப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல ஆணையைத் தட்டிவிட்டுக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் துடைத்துப்போட்டது மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேன் படங்களுக்கு நகல் இருந்ததால் மாலைக்குள் திரும்பி வந்தன. என் ஃபோல்டருக்கு இல்லை. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவன் எனக்கென்று எடுத்துவைக்கவில்லை.

அவசரத்திடம் போனேன்.

"இனிமே அது கேக்காதுண்ணே. ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டிருந்தா யாருக்கு நேரம் இருக்கு? கேக்கணும்னா நீங்கதான் ஆணையோட சேத்துச் சொல்லணும்."

"சொல்லணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"என்னென்ன மாத்தினேன்னு எல்லாருக்கும் அனுப்புவேனே, அந்த மாற்றக் குறிப்புல போட்டிருந்தேனே, கடைசியில. படிக்கலையா?"

பழையபடி மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒருத்தருக்காக எப்படிண்ணே மாத்துறது? மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். மேலதிகாரியிடம் போனேன். அவர் என்னை அவசரத்திடமே திருப்பி அனுப்பினார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

அவசரத்தின் அப்பா பக்கவாதத்தில் வீட்டோடு படுத்தவர். பேச்சு வராது, கை எழாது. தொண்டையில் குழாய், கட்டிலருகே மூச்சுக் கருவி. குழாய் நழுவினால் கருவி அலறும், யாராவது வந்து சரிசெய்யும்வரை விடாது. "அப்பா லேசா அசைஞ்சாலே கத்துதுண்ணே. சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க" என்று அவசரமே என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நம்பித்தான் கூப்பிட்டார்.

நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாதபோது அந்தக் கருவி என்ன செய்யும் என்பதை மாற்றினேன், அவ்வளவுதான். இனி தனியாகச் சொல்லிவைத்தால்தான் அலறும். முறைப்படி ஒரு மாற்றக் குறிப்பும் எழுதிக் கருவியின் அடிப்பக்கம் ஒட்டினேன். உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்களே, அதுதான்.

அதன்பிறகு அடிக்கடி போய்வந்தேன். "அண்ணன் வந்து பாத்ததுலேருந்து வீடே அமைதியா இருக்கு" என்று அவர் மனைவி டீ கொடுப்பார். ஒருவராவது குனிந்து அடியில் பார்ப்பார்களா என்று ஒவ்வொரு தடவையும் கவனிப்பேன். யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரம் அடுத்த அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறையில் இருந்தார். நான் கட்டிலருகே டீயோடு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் தலையைத் திருப்பினார், குழாய் கழன்றது. தானாகத்தான் கழன்றது, என் கை படவில்லை. கருவி வாயைத் திறக்கவில்லை. பெரியவர் என்னையே பார்த்தார். கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். அவர் கண்ணாலேயே எல்லாம் கேட்பார் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாஷை பழக்கமில்லை. கதவு திறந்துதான் இருந்தது, ஒரு குரல் கொடுத்தால் போதும். டீ சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது. குடித்துவிட்டு டம்ளரைச் சமையலறையில் கழுவி வைத்தேன். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். இல்லை, ஐயா. இல்லை என்று சொல்லிப் பழகியவன் நான். இவரை அழிக்கட்டுமா என்று யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.